கதிரடியில் மஞ்சள்

ஆராய்ச்சிப் பண்ணையில் கதிர்களுக்கு மகரந்தம் தூவும் மகரந்தக்காரி, கதிரைக் கெடுத்ததற்காகக் கட்ட வேண்டிய அபராதம் பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். நாலு மாதக் கூலி. அந்தச் சீட்டைக் கசங்கக் கசங்கப் பிடித்தபடி ஓய்வுபெற்ற விதை ஆய்வாளர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"நான் தப்புப் பண்ணலைங்க ஐயா. கதிர் மேல மாட்டின காகித உறை மூடினபடியே இருந்துச்சு. பிரிச்சா, வெள்ளை மக்காச்சோளத்துல மஞ்சப் பல்லாட்டம் மணி! சோளக்காட்டுல ஏதோ நடமாடுதுன்னு பேசிக்கறாங்க."

"பேயேதான் அத்தான்!" என்று துள்ளி எழுந்தார் ஆய்வாளரின் மைத்துனர்.

"பேய் வந்து சீட்டு எழுதாது. செருப்பை மாட்டு மாப்ளே."

ஆராய்ச்சிப் பண்ணையின் உலர்த்தும் அறையில் வெளிச்சம் மங்கிக் கிடந்தது. மணி கெட்டியாவதற்கும் மாவாவதற்கும் காரணமான மரபணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று வரைபடம் போட, தன் செடியின் மகரந்தத்தாலேயே கருவுறச் செய்த கதிர்கள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றோடும், மாட்டிய தேதி எழுதிய அதன் காகித உறை கட்டியிருந்தது. காற்றே இல்லை. ஆனாலும் எங்கோ 'கடக்' என்றது. இருபத்தாறு கதிர்கள், அடியில் மட்டும் மஞ்சளாக, அவளைப் பார்த்துப் பல் இளித்தன.

"அயல் மகரந்தம் பட்டா மணியோட நிறமே மாறிடும். என் மூணு வருஷ வரைபடம் போச்சு," என்றார் ஆராய்ச்சித் தலைவி.

"பதினாலாம் தேதியே, பட்டு நூல் வெளிய வர்றதுக்கு முன்னாடி, நான் இளங்கதிருக்கு உறை மாட்டிட்டேன். அப்புறம் தொட்டது இவ ஒருத்திதான்," என்றார் மேற்பார்வையாளர்.

ஆய்வாளர் உறைகளைத் தடவினார். பதின்மூன்று என்று எழுதியவை நனைந்து காய்ந்து சுருங்கியிருந்தன. பதினாலு என்று எழுதியவை, அந்த இருபத்தாறு கதிர்களின் உறைகள், மொடமொடப்பாக இருந்தன.

"பதினாலு அன்னிக்கு மழையாம்மா?"

"விடிஞ்சதுலேர்ந்து ராத்திரி வரைக்கும் ஐயா. அப்புறம் ஒரு பொட்டு விழலை."

"இவ தூவுறப்ப கலந்திருந்தா மஞ்சள் கதிர் முழுக்கச் சிதறியிருக்கும்," என்றார் ஆய்வாளர் நிதானமாக. "இங்க அடியில மட்டும்தான். மகரந்தத்தைப் பிடிக்கிற பட்டு நூல்ல, அடிமணியோடதுதான் முதல்ல வெளிய நீளும். அது நீண்டப்போ உறை இல்லை; இருந்திருந்தா பதினாலாம் தேதி மழையில நனைஞ்சு சுருங்கியிருக்கும். மழை விட்ட மறுநாள் காலையில பக்கத்து வயல் மஞ்சள் சோளத்தோட மகரந்தம் பறந்து வந்து ஒட்டிக்கிச்சு. உறை ஏறினது அதுக்கப்புறம்."

"தேதி பதினாலுன்னு இருக்கே அத்தான்?"

"முந்தின நாளே மேசையில உக்காந்து உறையில தேதி போட்டு வச்சுக்கறது, நான் வேலையில இருந்தப்பவே இங்க பழக்கம். மழைக்குப் பயந்து ஆள் போகலை. தேதி மாறலை."

மேற்பார்வையாளர் முகம் கதிரைவிட வெளுத்தது. "ஒரு நாள்தானேன்னு விட்டுட்டேன் மேடம்."

மறுபடி 'கடக்'. மைத்துனர் ஆய்வாளரின் முழங்கையைப் பிடித்தார். "அது?"

"காயுற மணி வெடிக்குது. கையை விடு."

தலைவி சீட்டை வாங்கி, தொகையின் மேல் குறுக்கே கோடு போட்டுக் கையெழுத்திட்டார். "நீ ஒண்ணும் கட்ட வேண்டாம்மா."

மகரந்தக்காரி வாசலில் திரும்பிப் பார்த்தாள். இருபத்தாறு கதிர்களும் இப்போது மேற்பார்வையாளரைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தன.