வெள்ளிமலையின் இடது முன்கால்

வெள்ளாற்றின் மேல்திசையில் செங்கதிரோன் இறங்கிக்கொண்டிருந்தான். கீழ்த்திசையிலோ, அவன் போய்த் தொலையட்டும் என்று காத்திருக்கப் பொறுமையில்லாத முழுமதி அதற்குள்ளாகவே தலையை நீட்டிவிட்டது. நாணல் பூத்த கரைகளுக்கு நடுவே பொன்னும் வெள்ளியுமாய்க் கலந்து ஓடிய அந்தப் பெருநீரைக் கண்டு களிக்க நெடும்பாறைக் கோட்டைக்குள் அன்று ஒருவருக்கும் நேரமில்லை. அரசர் ஏறும் பட்டத்துக் குதிரையான வெள்ளிமலை காலையிலிருந்து நொண்டிக்கொண்டிருந்தது.

அன்பார்ந்த வாசகர்களே, குதிரை நொண்டினால் மருத்துவரை அழைக்க வேண்டும் என்று உங்கள் வீட்டுக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லிவிடும். நெடும்பாறையின் குதிரைப்படைத் தலைவர் சிங்கமாராயர் குழந்தையல்லவே! அவர் வகுத்திருந்த முறையே வேறு. காலையில் நொண்டினால் அது சோம்பல். சவுக்கால் இரண்டு கொடுக்க வேண்டும். மாலையிலும் நொண்டினால் கால் சூடு. ஆற்று நீரில் நிறுத்த வேண்டும். மறுநாளும் நொண்டினால் கண்ணேறு. பூசணிக்காய் உடைக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு குதிரை விழுந்து எழாமல் போனால்தான் மருத்துவருக்கு ஆள் போகும். அதுவும் எதற்கு? செத்த குதிரையின் வாலை அறுத்து, "இது விதிவசத்தால் இறந்தது" என்று அரசர் முன் சாட்சி சொல்வதற்கு! அந்த லாயத்தில் சென்ற ஆண்டு மட்டும் அறுபது குதிரைகளுக்கு விதி அப்படி வாய்த்தது.

லாயத்து மூலையில் புல்லுக்கட்டின் அருகே குனிந்திருந்த கொற்றி இந்த முறையை ஒரு வாரமாகப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தாள். புல் விற்கும் பெண்ணைப்போல் கந்தல் உடுத்தி வந்திருந்தாலும் அவள் ஆற்றுக்கு அப்பால் இருந்த பகைநாடான தென்கரையிலிருந்து வந்த ஒற்றர். மறுநாள் சமாதான விருந்துக்கு வரவிருந்த தென்கரை இளவரசர் வீரதரரை மண்டபத்திலேயே வெட்டிச் சாய்க்க இருநூறு வாள்கள் தீட்டப்படுவதை அவள் கண்டுவிட்டாள். கண்ட மறுகணம் கோட்டைக் கதவுகள் அடைபட்டன. புல்லுக்காரி முதல் பூக்காரி வரை ஒருவரும் வெளியேறலாகாது என்று கட்டளையும் பிறந்தது.

எனவே அன்று விடியற்காலையில் தன் தலைமுடியில் நாலைந்து இழைகளைப் பறித்துத் திரித்து, வெள்ளிமலையின் இடது முன்காலில் குளம்புக்கு மேலே ரோமத்துக்குள் மறையும்படி இறுக்கிக் கட்டினாள். குதிரை நொண்டும், மாராயர் வழக்கம்போல் ஆற்றுக்கு அனுப்புவார், கதவு திறக்கும். ஒரு மனிதனின் மடமையை நம்பி உயிரையே பணயம் வைக்கலாமா என்று அவள் யோசிக்கத்தான் செய்தாள். ஆனால் மாராயரின் மடமையை நம்பாமல் இந்தக் கோட்டையில் வேறு எதை நம்புவது?

மாலையில் முதுமந்திரி ஆள் அனுப்பியபோதுதான் கணக்குத் தப்பியது.

"நாளை அரசர் இக்குதிரையின் மீதுதான் பவனி வர வேண்டும். அசுவ மருத்துவர் நாகதேவரை உடனே அழைத்துக் காட்டும்படி மந்திரியாரின் ஆணை, தலைவரே" என்றான் வந்தவன்.

"மருத்துவனா? குதிரை இன்னும் உயிரோடுதானே இருக்கிறது!" என்றார் மாராயர். சந்தனம் நனைத்த துணியை மூக்கில் வைத்துக்கொண்டு, லாயத்திலிருந்து பத்தடி தள்ளி நின்றார். குதிரைப்படைத் தலைவருக்குக் குதிரை நாற்றம் ஆகாது.

"ஆணை, தலைவரே."

"சரி, சரி, கூப்பிட்டுத் தொலையுங்கள். மந்திரிக்கும் வயதாகிவிட்டது."

ஒரு வாரமாகப் புல் போட்டுப் பழகிய உரிமையில் கொற்றி போய் வெள்ளிமலையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டாள். அந்த லாயத்தில் ஒரே ஒரு மனிதருக்குத்தான் குதிரையைப் பற்றித் தெரியும், அவரையும் அழைத்துவிட்டார்கள்! முடியை அவர் கண்டால் அவள் தலை போகும். அது கிடக்கட்டும், நாளை வீரதரரின் தலையும் போகும்.

நாகதேவர் வந்தார். நரைத்த தாடியும் இடுப்பில் ஒரு தோல் பையுமாக வந்த அந்த முதியவரைப் பார்த்து, "வாரும் கழுதை வைத்தியரே! வால் அறுக்கும் கத்தி கொண்டுவந்தீரா?" என்று மாராயர் கேட்க, சுற்றி நின்ற வீரர்கள் சிரித்தார்கள். மாராயர் எதைச் சொன்னாலும் சிரிப்பதற்கே அவர்களுக்குச் சோறு போடப்பட்டது.

நாகதேவர் நேரே குதிரையிடம் போனார். கல்தரையில் குதிரையை நடத்தச் சொன்னார். இடது முன்கால் தரையில் பட்டபோதெல்லாம் அது தலையைத் தூக்கிற்று. குளம்பைத் தொட்டார், சூடு இல்லை. அடியைத் தட்டினார், குதிரை துள்ளவில்லை. அவருடைய விரல்கள் மெல்ல மேலே ஏறி ரோமத்துக்குள் நுழைந்து, ஓரிடத்தில் நின்றன.

கடிவாளம் பிடித்திருந்த கொற்றியை அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கை தானாகவே இடுப்பில் ஒளித்திருந்த குறுவாளைத் தேடியது.

"இது குதிரை முடி அல்ல" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில்.

"என்னுடையது, ஐயா."

"கீழே வெண்ணெய் தடவியிருக்கிறாய்."

"தோல் அறுந்துவிடக் கூடாதே."

நாகதேவர் ரோமத்தைத் தடவிவிட்டு அந்த முடியை மறுபடி மறைத்தார். "முப்பது ஆண்டுகளாக இந்த லாயத்துக்கு வருகிறேன். ஒரு குதிரையின் தோலுக்காகக் கவலைப்பட்டவர்களில் நீதான் முதல் ஆள். யாரம்மா நீ?"

பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "தென்கரை வேளிர்குலத் தலைவரின் மகள். நாளை இங்கே விருந்துக்கு வருகிறவர் எனக்கு மாலையிடப் போகிறவர்."

"விருந்து மண்டபத்துக்கென்று தீட்டும் வாள்களை நானும் பார்த்தேன், தாயே. உண்ண அழைத்துக் கொல்லும் இழிவை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் புழுங்கிக்கொண்டிருந்தேன்" என்று முணுமுணுத்த கிழவர் எழுந்து, மாராயரை நோக்கிக் கைகூப்பினார். "தலைவரே! நோய் காலில்தான். ஓடும் நீரில், முழங்கால் ஆழத்தில் நிறுத்த வேண்டும். குதிரை இந்தப் பெண்ணுக்குப் பழகியிருக்கிறது. இவளே பிடித்துக்கொள்ளட்டும்."

மாராயரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "கேட்டீர்களா? மாலையிலும் நொண்டினால் ஆற்று நீர் என்று நான் வகுத்ததும் இதைத்தானே? இதற்கு ஒரு மருத்துவன், அவனுக்கு ஒரு பை! கதவைத் திறவுங்கள். இவன் வைத்தியத்தை நானே வந்து பார்க்கிறேன்."

பெரும் கதவு முனகித் திறந்தது. தம் அறிவின் வெற்றியைக் கண்குளிரக் காண வந்த மாராயர், பட்டுப் பாதரட்சை நனையாமல் படித்துறையின் மேல்படியிலேயே நின்றுவிட்டார். முழங்கால் நீரில் குனிந்த நாகதேவர் சிறு கத்தியால் ஒரே கீறலில் முடியை அறுத்தார். வெள்ளிமலை காலை உதறிற்று. பிறகு அழுத்தி ஊன்றிற்று.

"ஏறு, தாயே."

"நீங்களும் ஏறுங்கள், ஐயா! இவர்கள் உங்களை விடமாட்டார்கள்."

"காலையிலிருந்து வலித்த கால். இரண்டு பேரைச் சுமந்தால் பாதி வழியில் உண்மையாகவே நொண்டும். போ!"

கொற்றி தாவி ஏறினாள். நீரைக் கிழித்துக்கொண்டு வெள்ளிமலை நடு ஆற்றுக்குப் போன பிறகுதான் வீரர்களுக்குச் சுரணை வந்தது. அவர்கள் எய்த அம்புகள் அவளுக்குப் பின்னாலேயே விழுந்து மூழ்கின. அக்கரை ஏறித் திரும்பிப் பார்த்தபோது நிலவொளியில் அந்தக் கிழவரின் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பாவி! நொண்டிக் குதிரை எப்படியடா ஓடுகிறது?" என்று மாராயர் அலறியது ஆற்றைக் கடந்து வந்தது.

"மருத்துவரை அழைத்தீர்கள், குணமாகிவிட்டது" என்றார் நாகதேவர். "மற்ற அறுபதுக்கும் அழைத்திருக்கலாம்."

கொற்றியின் கண்களில் நீர் பெருகிற்று. "கொற்றவையின் மீது ஆணை! அந்த மனிதரை உயிரோடு மீட்கும்வரை எந்த இளவரசரின் மாலையும் என் கழுத்தில் ஏறாது!" என்று கோட்டைக் கரைக்குக் கேட்கும்படி உரக்கக் கூவிவிட்டு, தென்கரைப் பாதையில் குதிரையைத் தட்டிவிட்டாள்.