அடைத்த துவாரம்

வீட்டில் ஒரு பொட்டு இடுக்கு விடாமல் அடைத்து நான்கு நாளாகியும் பின்னறைத் திரை மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. காற்றில் ஆடுகிற ஆட்டமில்லை. சுவரோடு போய் ஒட்டும், சற்று நிற்கும், விலகும். பார்க்கும்போதெல்லாம் அவள் போய் ஜன்னல் தாழை மறுபடி அழுத்திப் பார்த்தாள்.

ஒட்டி ஒட்டி நிற்கும் பழைய வீடுகளின் வரிசையில் அவளுடையது கடைசி. ஊர்க்குளிரெல்லாம் அந்தச் சுவரில்தான் வந்து மோதும். மூச்சிரைப்புக்காரி மகளை வைத்துக்கொண்டு, குளிரை அடைக்கும் வேலையை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று குளிர்காலம் தள்ளிப்போட்டாள். மூன்றாவதில் மகள் போய்விட்டாள். எட்டு வயது. அதற்கப்புறம்தான் சுவருக்குப் பஞ்சுப் பலகை, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, கதவுக்கடியில் ரப்பர். இனி யாருக்கடி இந்தக் கதகதப்பு என்று அக்கா கேட்டபோது அவள் ரப்பரை அளந்து வெட்டிக்கொண்டிருந்தாள்.

இன்று மதியம், எங்காவது காற்றுக் கசிகிறதா என்று பார்க்க, வேலை செய்த கம்பெனியின் பரிசோதகர் வந்தார். முன்கதவில் பெரிய விசிறியைப் பொருத்தி, வீட்டுக் காற்றை வெளியே இழுக்கவிட்டு, புகைக்குழலை மூலைமூலையாகக் காட்டிக்கொண்டு போனார். எங்கும் புகை அசையவில்லை.

"பிரமாதம்மா. எறும்பு வரணும்னாலும் உங்ககிட்ட அனுமதி கேக்கணும்."

பின்னறையில் திரையை ஒதுக்கி ஜன்னலடியில் காட்டினார். புகை சுவரை நோக்கிப் போனது. நின்றது. திரும்பி வந்தது.

"இங்க காத்துத் துவாரம் வச்சிருந்தோமே?"

"நான்தான் நுரை அடிச்சு மூடிட்டேன். குளிருமேன்னு."

"என்னம்மா நீங்க! இவ்வளவு இறுக்கமான வீட்டுக்கு அது ஒண்ணுதாம்மா மூச்சு. இருங்க, வண்டியிலேர்ந்து உளி எடுத்துட்டு வர்றேன்."

விசிறியை நிறுத்திவிட்டு அவர் பின்வாசல் வழியாகப் போனார். வீடு காது அடைத்ததுபோல் ஆனது. அவர் தரையில் வைத்துவிட்டுப் போன குழலிலிருந்து புகை இன்னும் கசிந்தது. சுவருக்கு. அறைக்கு. சுவருக்கு. நுரையின் மருந்து நெடிக்கு அடியில் இன்னொரு வாசம், இரவெல்லாம் அவள் மகள் நெஞ்சில் தேய்த்த தைலம்.

பிறகு அந்த இரைப்பு. கடைசியில் மெல்லிய விசில். அவளுக்குத் தெரியாத சத்தமா? ஆனால் இப்போது வேகமாக. திணறித் திணறி.

இரண்டாம் தடவையும் நானேதான், என்று நினைத்தாள்.

மண்டியிட்டாள். நகத்தால் நுரையைப் பிய்த்தாள். நகம் பிளந்தது. விரல் பருமனுக்கு வழி கிடைத்தது.

"அம்மா இருக்கேன்டி கண்ணு."

வாயை வைத்து ஊதினாள். அந்தப்பக்கம் ஆவலாக வாங்கிக்கொண்டது. இரைப்பு அடங்கியது. அழுதுகொண்டே இன்னொரு மூச்சு. இன்னொன்று.

போதும் என்று தலையை எடுத்தாள். வரவில்லை. துவாரத்துக்குள்ளிருந்து சில்லிட்ட சின்ன உதடுகள் அவள் உதட்டைக் கவ்வியிருந்தன. இழுத்தன. மேலும் இழுத்தன.

"அம்மா? எங்க இருக்கீங்க?" என்றார் பரிசோதகர், பின்வாசலில்.

ஒதுக்கிவிட்ட திரை மெல்லத் திரும்பி வந்து அவள் முதுகில் ஒட்டியது. விலகவில்லை.