இறங்கி வந்த கோட்டு

காலை 7.40.

இடிக்கவிருந்த உடைமாற்றும் கூடத்தின் கதவைத் திறந்த மேஸ்திரி, உள்ளே வைத்த காலை வெளியே இழுத்துக்கொண்டார். கூடத்தின் நடுவில், ஆள் உயரத்தில், தலையில்லாத, கரி அப்பிக் கறுத்த ஒரு கோட்டு. காற்றே இல்லை. ஆனாலும் கதவு திறந்த அதிர்வில் அது மெல்ல ஆடியது.

நேற்று மாலை அவர் பூட்டும்போது அது அங்கே இல்லை. பூட்டும் உடைபடவில்லை.

8.30.

இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தார். குத்தலாகக் கேள்வி கேட்பதால் குண்டூசி என்று பெயர் வாங்கியவர். அண்ணாந்து பார்த்தார். கூரையின் இருட்டில் இன்னும் பத்துப் பேரின் உடைகள் தொங்கின.

நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்குபவர்கள் வீட்டு உடையை இங்கேதான் கழற்றுவார்கள். கொக்கியில் மாட்டி, சங்கிலியை இழுத்துக் கூரைக்கு ஏற்றிவிட்டு, வேலை உடையில் கீழே போவார்கள். திரும்பி வந்ததும் அவரவர் இறக்கிக்கொள்வார்கள். திரும்பாதவரின் சங்கிலியை யாரும் தொடுவதில்லை. முப்பத்தொரு வருடத்துக்கு முன் வெடிவிபத்தில் பதினோரு பேர் திரும்பவில்லை.

“எது யாரோடதுன்னு எப்படித் தெரியும்?”

“சுவர்ல நம்பர்த் தகடு இருந்துச்சு மேடம். பித்தளை. முந்தாநாள்தான் பேத்தெடுத்தோம்.”

சுவரில் நூற்றிருபது சங்கிலிகள்; அவற்றுக்கு மேலே வெறும் ஆணி ஓட்டைகள். குண்டூசி ஒன்றை இழுக்கச் சொன்னார். மேஸ்திரி குத்துமதிப்பாக இழுத்தார். உத்தரங்களில் குறுக்கும் நெடுக்குமாக ஓடிய சங்கிலி கிறீச்சிட, எங்கோ ஒரு மூலையிலிருந்து வெறும் கொக்கி இறங்கியது. மேஸ்திரி அதற்குமேல் எதையும் தொட மறுத்துவிட்டார்.

9.15.

செய்தி கேட்டுத் தையல்காரி வந்தாள். செத்தவர்களில் ஒருவரின் மகள். அவளை வளர்த்த சித்தப்பா கூடவே வந்தவர், வாசலோடு நின்றுவிட்டார். இந்தக் கூடத்தில் இருபது வருடம் காவலாளியாக இருந்தவர். முழங்கால் வலி என்றார்.

கோட்டுக்கு அடியில் தொங்கிய சட்டையைக் கண்டதுமே அதன் காலரைத் திருப்பிப் பார்த்தாள். “இது அப்பாவோடது. காலரை அம்மா திருப்பித் தச்சிருக்காங்க.”

அவளுடைய கதை ஊருக்கே தெரியும். அப்பாவின் கோட்டைச் சுரங்கக் குழிக்குள்ளிருந்து எடுத்ததாகவும், பையில் தீப்பெட்டி இருந்ததாகவும் விசாரணை சொன்னது. வெடிப்புக்கு அவரே காரணம் என்றானது. ‘தீப்பெட்டிக்காரன் பொண்டாட்டி’ என்ற பேச்சைக் கேட்டுக்கேட்டே அம்மா போய்ச் சேர்ந்தாள். இன்று மாலை நான்கு மணிக்குத் திறக்கப்போகும் நினைவுக்கல்லில் பத்துப் பெயர்கள்தான்.

“குழிக்குள்ள கிடைச்ச கோட்டு இதுதானா?”

“இதேதான். பேப்பர்ல படம் வந்துச்சே. விசாரணை முடிஞ்சு எரிச்சுட்டாங்கன்னு சொன்னாங்க.”

10.20.

குண்டூசி பழைய கோப்பைப் புரட்டினார். கோட்டை எரித்ததாக அதில் இல்லை. குடும்பத்தாரிடம் ஒப்படைத்ததாக ஒரே ஒரு வரி இருந்தது.

“உன் பிளேடு இருக்கா? இந்தத் தையலைப் பிரி.”

தையல்காரி தோள்பட்டையைப் பிரித்தாள். அவள் விரல்கள் நின்றன. வெளியே கரி அப்பியிருந்த துணி, மடிப்புக்குள் வெள்ளை வெளேரென்று இருந்தது. பைகளைத் திருப்பினாள். அங்கேயும் பஞ்சு மாதிரிச் சுத்தம்.

“குழிக்குள்ள ஒரு நாள் போன துணியில, தையல் இடுக்கெல்லாம் கரி ஏறிடும் மேடம். சோப்புப் போட்டாலும் போகாது. இது... கையால பூசினது.”

“ஆமா. விசாரணையில எல்லாரும் தீப்பெட்டியைப் பாத்தாங்க. கோட்டை யாரும் பாக்கல. உங்கப்பா இதை மேலேயே மாட்டிட்டு இறங்கியிருக்கார். மேல தீப்பெட்டி வச்சிருந்தா தப்பில்லையே.”

குண்டூசி வாசல் பக்கம் திரும்பினார்.

“நம்பர் இல்லாத சுவர்ல, இருட்டில, சரியான சங்கிலியைப் பிடிச்சிருக்கு ஒரு கை. அன்னைக்கு இதை இறக்கின கைதான் அது. கதவுக்கும் சாவி இருக்கு. குடும்பத்துக்குன்னு கொடுத்த கோட்டும் அதுகிட்டதான் இருந்திருக்கு. உள்ள வாங்க, பெரியவரே.”

சித்தப்பா வந்தார். முழங்கால் வலியெல்லாம் இல்லை. கோட்டைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

வெடிப்பு நடந்த அன்று காலை குழியில் எரிவாயு இருக்கிறதா என்று அளக்காமலே அளந்ததாகக் கையெழுத்துப் போட்டவர் சூப்பர்வைசர். அவர் செத்து வருஷக்கணக்காகிறது. கோட்டை இறக்கிக் கொடு, கரி பூசிக் குழிக்குள் கிடைத்ததாகக் காட்டலாம், இல்லையென்றால் சுரங்கத்தை மூடிவிடுவார்கள், முந்நூறு அடுப்பு அணையும் என்றாராம்.

“‘செத்தவனுக்கு என்ன வலிக்கப் போகுது’ன்னு கேட்டாரும்மா. எனக்கும் அது சரின்னு பட்டுச்சு.” சித்தப்பா மடியிலிருந்து பழைய சாவியை எடுத்து நீட்டினார். “கல்லுல அண்ணன் பேர் இல்லைன்னதும் தூக்கம் போச்சு. சொல்ல வாய் வரல. அதான் நீ பாக்கட்டும்னு கோட்டை அண்ணன் கொக்கியிலயே மாட்டி இறக்கி வச்சேன்.”

தையல்காரி அழவில்லை. அந்தக் கை ஊட்டிய சோற்றில் வளர்ந்தவள் அவள்.

“என்கிட்ட சொன்னது போதாது சித்தப்பா. ஊர்கிட்ட சொல்லணும். வாங்க.”

3.10.

விழாப் பந்தலில், எல்லோர் முன்னாலும், சித்தப்பா சொன்னார். கூட்டத்தில் ஒருவர் அவர் முகத்தில் காறித் துப்பினார். சித்தப்பா துடைத்துக்கொள்ளவில்லை.

கல்தச்சர் உளியோடு கல்லைத் தடவிப் பார்த்தார். “அடியில ஒரு விரக்கடை இடம் இருக்கு. சின்னதா வெட்டிடலாம். நாலு மணிக்கு முடிஞ்சிடும்.”

“வேணாம். வேற கல் எடுங்க,” என்றாள் தையல்காரி. “பதினோரு பேரும் ஒரே அளவுல இருக்கணும்.”

“அதுக்கு ரெண்டு நாள் ஆகுமேம்மா.”

“ஆகட்டும்.”

விழாக் குழுவினர் குண்டூசியைப் பார்த்தார்கள். “ரெண்டு நாள் கழிச்சு வரேன்,” என்று அவர் நாற்காலியை மடக்கிச் சாத்திவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார்.