மம்பட்டியில் ஒட்டிய மண்

மிசிசிப்பி ஆற்றின் வெள்ளக்கரை உடைந்த மறுநாள், மிஞ்சிய கரைமேல் கூடாரங்களில் ஊரே முடங்கிக் கிடந்தது. ஒடெஸா சேற்றில் தட்டுத்தடுமாறி பர்னெலிடம் வந்து சேர்ந்தாள்.

“ஐயா, என் புருஷன் லெம்யூல்தான் கரையை வெட்டினான்னு பிடிச்சு வச்சிருக்காங்க. விடிஞ்சா கயிறுதான்னு பேசிக்கிறாங்க. ராப்பகலா மூட்டை சுமந்து கரையைக் காத்த மனுஷன் வெட்டுவாரா?”

பர்னெல் காப்பீட்டுக் கம்பெனிக்குத் துப்பறிகிறவர், நிதானஸ்தர். உதவியாள் ஹோசியாவுக்குத்தான் வாய் நிற்காது. “கவலைப்படாதீங்கக்கா, சாயங்காலத்துக்குள்ள கூட்டிட்டு வந்துருவோம்!” என்று அவனாகவே வாக்குக் கொடுத்துவிட்டான்.

லெம்யூலுக்கு எதிராக இருந்தது ஒன்றே ஒன்று: உடைப்பின் ஓரத்தில் குத்தி நின்ற அவனுடைய மண்வெட்டி. கரையைக் கட்டிய கிரேடி துரையின் கூடாரத்தில் அது சாத்தியிருந்தது; துரையும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். பர்னெல் அதை நகத்தால் சுரண்டினார். வெளிறிய மணல் பொலபொலவென்று உதிர்ந்தது.

“ஹோசியா, கரைக்கு மேல என்ன மண்ணு?”

“கருங்களி. கிராமபோன்ல இந்த ஆத்துச் சேத்தைப் பாடிக் கூத்தடிக்கிறானுங்களே, வந்து ஒரு வெட்டு வெட்டிப் பாக்கட்டும்! வெட்டுக்கு வெட்டு குச்சியால வழிக்கணும். அப்பவும் மம்பட்டிக் கழுத்துல அப்பிக்கிட்டுதான் நிக்கும்.”

“இதுல களி பொட்டுக்கூட இல்லை. மேலயிருந்து வெட்டியிருந்தா இருக்கும். கரை வயித்துல மணலை அடைச்சு, மேல களியைப் பூசியிருக்காங்க. தானா உடைஞ்சுது. உடைஞ்ச அப்புறம்தான் யாரோ இதை அந்த மணல்ல குத்தி வச்சிருக்காங்க.”

ஹோசியாவால் அடக்க முடியவில்லை. “கட்டினது நீங்கதானே, தொரை!”

கிரேடி கோபப்படவில்லை. “கெட்டிக்காரங்கதான்டா” என்று எழுந்து, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். “ஆனா என் கரையில அழுக்கு மம்பட்டி வைக்கிற வழக்கம் இல்லை.” இரண்டு முறை ஆற்றில் முக்கி எடுத்தார். இரும்பு பளபளத்தது.

“அண்ணே, உடைப்புல இன்னும் மணல் இருக்குமே!” என்று ஹோசியா பதறினான்.

“தண்ணிக்கு அடியில இருக்கு. வடியக் கோடை முடியணும்டா” என்றார் பர்னெல்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று ஹோசியா தன்னையே சபித்துக்கொண்டான்.

இருவரும் திரும்பி நடந்தபோது எதிரே ஒடெஸா ஓடி வந்தாள். நனைந்த ஊரில் யாரிடமோ இரவல் வாங்கிய உலர்ந்த சட்டை ஒன்றை மார்போடு அணைத்திருந்தாள்.

“பின்னால வர்றாரா, தம்பி?” என்றாள்.