மூன்றாவது வளையம்

விங்கா இரண்டு வளையங்கள்தான் வரைந்திருந்தாள். திரையில் மூன்று இருந்தன.

சூப் குடிக்க எழுந்துபோகும் முன் சேமித்து வைத்த எழுத்து அது. க்ர்க் தீவில் இடிந்த தேவாலயச் சுவர் ஒன்றுக்குள்ளிருந்து கிடைத்த தோல் ஏட்டை, பழைய கிளகோலிட்சா எழுத்துகளில் எழுதப்பட்டதை, கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். மற்ற எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் எண் உண்டு. இந்த ஒன்றுக்கு இல்லை. ஏட்டில் இது வந்த இடங்களையெல்லாம் யாரோ கத்தியால் குத்திக் குதறியிருந்தார்கள். தப்பிக் கிடந்த சில கோடுகளைச் சேர்த்து உருவம் வரைந்து, தற்காலிகமாக ஓர் எண்ணும் கொடுத்து, அன்று காலையில்தான் முடித்திருந்தாள்.

வெளியே பூரா என்று அங்கே சொல்லும் வாடைக்காற்று கடலை அள்ளி ஜன்னல் கதவுகளில் அறைந்துகொண்டிருந்தது. பிற்பகல்தான் என்றாலும் அறைக்குள் சாம்பல் இருட்டு, உப்பு வாடை, அதற்கடியில் கீழே கணவனின் பட்டறையிலிருந்து ஏறிவந்த கல்தூசியின் வறண்ட நெடி, எல்லாவற்றுக்கும் ஊடே நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்த உளிச் சத்தம்.

"மாவ்ரோ! என் கம்ப்யூட்டரைத் தொட்டியா?" என்று மாடிப்படியில் நின்று கத்தினாள்.

"அந்தச் சனியனை நான் எதுக்குத் தொடறேன்? காலையில காகிதத்துல எடுத்துக் குடுத்தியே, அதைத்தான் வெட்டிட்டிருக்கேன். கல்லறைக்கல் வெட்டி வெட்டிச் சலிச்சுப்போச்சு. இதாவது அழகா இருக்கு."

"அதுல எத்தனை வளையம் இருக்கு?"

உளி நின்றது.

"நாலு," என்றான்.

அவள் திரும்பி ஓடி வந்து பார்த்தாள். திரையிலும் நான்கு. எழுத்தை அழித்தாள். அந்த எண்ணுக்குரிய இடம் காலியானது. கண்ணெதிரே மெல்ல, ஈரம் ஊறுவதுபோல, அதே இடத்தில் ஒரு கோடு வளைந்தது. மின்கம்பியைப் பிடுங்கினாள். திரை கறுத்தது.

கீழே உளிச் சத்தம் மறுபடி தொடங்கியது. ஆனால் கல்லின் கணீர் இல்லை. மொத்தென்று விழுந்தது. ஈரமாக விழுந்தது.

"மாவ்ரோ?"

படிகளில் இறங்க இறங்கக் கல்தூசி நெடி போய், கசாப்புக் கடை வாடை அடித்தது.

அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். இடக்கையை முட்டியின் மேல் கிடத்தி, தோள் முதல் மணிக்கட்டுவரை வளையம் வளையமாக வெட்டியிருந்தான். எலும்பு தெரிந்தது. அவன் முகத்தில் வலியே இல்லை, கவனம்தான் இருந்தது.

"கல்லுல நிக்க மாட்டேங்குது விங்கா," என்றான், குழந்தைபோல. "வெட்ட வெட்ட மூடிக்குது. சதையில நிக்குது பாரு."

அவள் அலறிக்கொண்டு கதவுக்கு ஓடினாள். காற்று வெளியிலிருந்து கதவை நெருக்கியது. அசையவில்லை. பின்னால் அவன் எழுந்துவரும் சத்தம். தலைமுடியைப் பிடித்து இழுத்தான். உளி அவள் கன்னத்தைக் கிழித்தது.

கையில் சுத்தியல் அகப்பட்டது. அடித்தாள். நெற்றிப்பொட்டில். அவன் விடவில்லை. மறுபடி அடித்தாள். எலும்பு நொறுங்கியது. விழுந்தவன்மேல் விழுந்து அடித்தாள். அவன் பெயரைச் சொல்லிச் சொல்லி அடித்தாள். அழுதுகொண்டே அடித்தாள்.

சுத்தியல் நழுவியது. அவன் மூச்சு நின்றிருந்தது. நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். துடிப்பு இல்லை. அப்படியே கிடந்தாள்.

காற்றும் அடங்கியது.

அவள் காதுக்கடியில் அந்த நெஞ்சு அசைந்தது.

ஒரு கை அவள் இடுப்பை வளைத்தது. சில்லென்றிருந்தது. தூக்கியது. வழவழப்பான பலகைக்கல்லின் மேல் கிடத்தியது. உதைத்தாள். கடித்தாள். ஒன்றும் பலிக்கவில்லை.

பாதி இல்லாத முகம் அவள்மேல் குனிந்தது. விரல் அவள் நெற்றி முடியைப் பதமாக ஒதுக்கியது.

முதல் வெட்டுக்கு முன் கல்லின் தூசியை ஊதுவது அவன் வழக்கம்.

அவள் நெற்றியில் ஊதினான்.