நனையாத மெஷின்

ட்ரிங்ங்ங்...!

ஸ்டேஷன் போன் அலறியது. ஏட்டு எடுத்தார்.

"குடியிருப்போர் சங்கத் தலைவர் பேசறேன்! என் தம்பியை அவன் பொண்டாட்டியே கொன்னுட்டாய்யா! மழையில... கரண்ட் ஷாக் வெச்சு...!"

அழுகையிலும் பதவியைச் சொல்ல மறக்கவில்லை.

கொல்லைப்புறம். விடாத மழை.

சிமெண்ட் தரையில் தம்பி மல்லாந்து கிடந்தான். தொப்பலாக நனைந்த உடம்பு. பக்கத்தில் மனைவி உட்கார்ந்து அவன் முகத்துக்கு மட்டும் குடை பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் நனைந்துகொண்டிருந்தாள்.

ஓரடி தள்ளி, நீல உறை போர்த்திய ஸ்மோக்கர். கரண்ட்டில் மரத்தூளைக் கனியவிட்டு மீனுக்குப் புகை போடும் இரும்புப் பெட்டி. அந்த மீனை விற்றுத்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

"பார்த்ததுமே தெரியுது!" இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "நீ எப்பம்மா பார்த்தே?"

"லாண்டரி வேலை முடிஞ்சு வந்தப்ப சார். மெயினை அணைச்சுட்டு ஓடிப் போய்த் தொட்டேன்... ஜில்லுனு இருந்தார்."

"புருஷன் விழுந்து கிடக்கான்... நீ மெயினை அணைக்கப் போனியா?!"

"அவர் சொல்லிக் கொடுத்தது சார். 'நானே கிடந்தாலும் முதல்ல மெயினை அணை'ன்னு..."

"கேட்டீங்களா சார்? ப்ளான்!" தலைவர் இடது கையால் கண்ணைத் துடைத்தார். வலது கை பேண்ட் பாக்கெட்டிலேயே இருந்தது. "தினம் சண்டை சார் இவங்களுக்குள்ள!"

"சண்டை உண்டு மாமா. சட்டையெல்லாம் புகை நாத்தம்னு திட்டுவேன்." அவள் குடையை அவன் முகத்துக்கு இன்னும் தாழ்த்தினாள். "இனிமே யாரைத் திட்டுவேன்...?"

"ஜீப்ல ஏறு!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சார்..." ஏட்டு சுவர்ப் பக்கமிருந்து கூப்பிட்டார். "ட்ரிப் சுவிட்ச்சுல கை வெச்சிருக்காங்க. தண்ணி பட்டு கரண்ட் கசிஞ்சா தானா கட் ஆகணும்ல? அதை ஒதுக்கிட்டு, நேரா வயர் கொடுத்திருக்கு."

"பாரு! எல்லாம் இவ வேலை!" என்றார் தலைவர்.

ஏட்டு ஸ்மோக்கரின் உறையை இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். மேல்தட்டில் நீலமாக உருகி ஒட்டியிருந்தது.

அவள் நிமிர்ந்தாள்.

"இதை அவர் போடலை சார்! மழை வந்தா மொதல்ல ப்ளக்கைப் பிடுங்குவார். பெட்டியை ஆறவிடுவார். துடைச்சுக் காய வெச்சுட்டுத்தான் உறை. சூட்டுல போட்டா உருகிடும்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியும்!"

"அவசரத்துல அவனே போட்டிருப்பான்மா!" என்றார் தலைவர்.

"பெட்டிக்கு அடியில காய்ஞ்ச தரை சார். இவர் முதுகுக்கு அடியில ஈரம். மழை பெய்ய ஆரம்பிச்சப்புறம்தான் விழுந்திருக்கார். ப்ளக் பிடுங்கியிருக்கு. இவரே பிடுங்கியிருந்தா ஷாக்கே அடிச்சிருக்காது..." அவள் மூச்சு வாங்கினாள். "இவர் விழுந்தப்புறம் யாரோ ப்ளக்கைப் பிடுங்கி, சூட்டோட உறையைப் போட்டுட்டுப் போயிருக்காங்க."

ஏட்டு உறையைக் கிழித்தே எடுத்தார். கதவில் ஒரு ஸ்டிக்கர்! 'அன்பளிப்பு: தலைவர்.' மேலே தலைவரின் சிரித்த போட்டோ. ஒரு சொட்டுக்கூட நனையவில்லை.

"தலைவரே..." ஏட்டு மெல்லக் கேட்டார். "வந்ததிலேர்ந்து அந்தக் கை பாக்கெட்டுலயே இருக்கே?"

"ச்... சும்மாதான்..."

"சும்மாதானே... வெளியே எடுங்க."

கை வந்தது. வெந்து கொப்பளித்த விரல்கள். மோதிரத்தில் உருகிப்போன நீலப் பிளாஸ்டிக்!

தலைவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கொல்லணும்னு நினைக்கலை சார்! சாயங்காலம் எனக்குப் பாராட்டு விழா. விருந்துக்கு மீன் வேணும். மழை... சுவிட்ச் ட்ரிப் ஆகிட்டே இருந்தது. நான் பழைய எலக்ட்ரிகல் காண்ட்ராக்டர். நானே நேரா வயர் கொடுத்தேன். 'வேணாம்ணே, ஈரத்துல ஆபத்து'ன்னான். 'தலைவர் நானா நீயா?'ன்னேன். கதவைத் திறக்கக் கை வெச்சான்..."

ஏட்டு அவர் பக்கத்தில் குனிந்தார்.

"அப்புறம்?"

"ப்ளக்கைப் பிடுங்கினேன். அவன் அசையலை. பயந்துட்டேன் சார். கிளம்பறப்ப... என் படம் நனைஞ்சிடுமேன்னு உறையைப் போட்டேன்..."

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாமே மாமா. அதுக்கும் மனசு வரலைன்னா... அந்த உறையை இவர் மேலயாவது போட்டிருக்கக் கூடாதா?"

தலைவரின் கை மறுபடி பாக்கெட்டுக்குள் போனது.

இன்ஸ்பெக்டர் இருமினார். "நான் ஆரம்பத்துலேயே சந்தேகப்பட்டேன்!"

"ஆமா சார்," என்றார் ஏட்டு. "ஆளைத்தான் மாத்திச் சந்தேகப்பட்டீங்க."

தலைவரை ஜீப்புக்கு நடத்திப் போனார்கள். மழை வலுத்தது. வாசலில் அவர் நின்றார்.

"யோவ்... நனையறேன்ல? ஏதாவது போர்த்திக் கூட்டிட்டுப் போங்கய்யா!"

ஏட்டு ஜீப் கதவைத் திறந்தார்.

"மெஷினா இருந்தா போர்த்தியிருப்போம் தலைவரே... நீங்க வெறும் மனுஷன்தானே, ஏறுங்க!"