சங்கிலிக்கு அப்பால் ஒரு செபம்

துடுப்புச் சத்தம் கேட்கவில்லை. செபம் மட்டும் கேட்டது.

கேரி தீவுக்கு எதிரே, கிள்ளான் பக்கத்துக் கால்வாய் வாயில் காவலிருந்த கொர்னேலியஸ் சுருட்டை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டான். மழை விட்ட அந்திநேரம். சேற்று வாடையும் சதுப்பில் வளரும் பாக்காவ் மரங்களின் அழுகிய இலை வாடையும் தொண்டையை அடைக்க, மூடுபனி தண்ணீர்மேல் படுத்துக் கிடந்தது. தங்கையின் பிரசவத்துக்குத் தீவுக்குப் போன மனைவி உர்சுலா இன்று படகில் திரும்ப வேண்டும்.

ஆற்றில் கொள்ளை மலிந்திருந்த காலம். வருவது நம்மவர்கள் படகுதானா என்று தெரிந்துகொள்ளக் கொர்னேலியஸே ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருந்தான். படகிலிருப்பவர்கள் மங்கள வார்த்தை செபத்தின் முதல் பாதியைச் சொல்ல வேண்டும். அவன் கரையிலிருந்து மறுபாதியைச் சொல்லி, கால்வாய்க்குக் குறுக்கே கிடக்கும் சங்கிலியை இறக்குவான். கோயிலில் செபமாலை சொல்கிற அதே முறை. கள்ளனுக்கு மாதா செபம் வாயில் நுழையுமா என்று அவனுக்கு ஒரே பெருமை.

அப்படியும் போன மாதம் இரண்டு படகுகள் ஆளில்லாமல் மிதந்து வந்தன. கவிழ்ந்திருக்கும் என்று தோட்டத்துத் துரையிடம் சொல்லி முடித்துவிட்டான். உர்சுலாதான் விடவில்லை.

"ஒரு கூச்சல்கூட கேக்கலியே, எப்படிங்க? அவனுங்க நம்மள நல்லாக் கவனிக்கிறானுங்க. நாமதான் அவனுங்களக் கவனிக்கல. யாராச்சும் உக்காந்து துருவிப் பாக்கணும்ங்க."

"ஆத்துத் திருட்டுல ஆராய என்னடி இருக்கு?" என்று சிரித்தான்.

செபம் நெருங்கியது. உர்சுலாவின் குரலேதான், வாக்கியக் கடைசியில் அவள் இழுக்கும் இழுப்பு உட்பட. அவனுக்குப் போன உயிர் வந்தது. மறுபாதியைச் சொன்னான். சங்கிலி கறகறவென்று நீருக்குள் இறங்கியது.

"உர்சுலா, பிள்ள நல்லபடியா பொறந்துச்சா?"

மறுபடியும் முதல் பாதி. அதே இழுப்பு.

இந்த மரங்களுக்குள் உட்கார்ந்து யாரோ ஒவ்வோர் அந்தியும் கேட்டிருக்கிறார்கள். சொல் சொல்லாக. குரல் குரலாக. சங்கிலியை இழுத்தான். ஏறவில்லை.

படகு உள்ளே வந்துவிட்டது.

விளக்கைத் தூக்கினான். துடுப்புக்காரன் இல்லை. நடுவில் உர்சுலா. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வாய் நிறையத் துணி அடைத்திருந்தது. கண்கள் மட்டும் அவனை ஓடச் சொல்லிக் கெஞ்சின.

அவள் முதுகுக்குப் பின்னால், இருட்டில், அவள் குரல் முதல் பாதியைச் சொல்லி முடித்தது. பிறகு, கொர்னேலியஸின் குரலில், மறுபாதியையும் சொன்னது.